எலுமிச்சை தேய்த்த டம்ளர்கள்

சிட்லபாக்கத்தில் எங்கள் வீட்டு போர் தண்ணீரில் உப்பு அதிகம். எவர்சில்வர் டம்ளரை எப்படிக் கழுவிக் கவிழ்த்தாலும், காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகத் திட்டு நிற்கும். எனக்கு அதைப் பார்த்தாலே பற்றிக்கொண்டு வரும். கடையில் விற்கும் பொடி எதையும் நம்பமாட்டேன். புளி, கல்லுப்பு, கடைசியில் எலுமிச்சை மூடி, இவ்வளவுதான் என் சாமான். என் வீட்டு எவர்சில்வர் பளபளப்பில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு.

என் மகளைப் பெண் பார்க்கக் கூடுவாஞ்சேரியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள் என்றதும் டம்ளர்களை எல்லாம் எடுத்துப்போட்டுத் தேய்த்தேன். அலசி வைத்த கொஞ்ச நேரத்தில் திட்டு திரும்ப எட்டிப் பார்த்தது. விடுவேனா? புதுப் பழத்தையே நறுக்கி, சாறு சொட்டச் சொட்ட உள்ளும் புறமும் தேய்த்தேன். மறுபடி அலசினால் பழைய கதைதான் என்று, துணியால் லேசாகத் துடைத்து அப்படியே வைத்துவிட்டேன்.

காபியும் நான்தான் போட்டேன். கரண்டியில் எடுத்து ருசியும் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. என் மகளுக்கு அப்போது வெந்நீர் வைக்கத் தெரியும், அவ்வளவுதான். தட்டை அவள் கையில் கொடுக்கும்போது, "நீ போட்டதுன்னு சொல்லப் போறேன், வாயத் தொறக்காத" என்றேன்.

"எதுக்கும்மா பொய்?"

"எல்லா வீட்லயும் சொல்றதுதான்டி."

கூடத்தில் பெருமையாகவே சொன்னேன், "எங்க பொண்ணு போட்ட காபி" என்று.

மாப்பிள்ளையின் அப்பா ஒரு வாய் குடித்துவிட்டு ஃபேனைப் பார்த்தார். மாப்பிள்ளை டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். அவருடைய அம்மா மட்டும் என் மகளிடம், "லேசா புளிக்குதோம்மா?" என்று மெதுவாகக் கேட்டார். எட்டிப் பார்த்தேன். பால் திரிந்து துணுக்குத் துணுக்காக மிதந்தது. டம்ளரில் தேய்த்த எலுமிச்சைதான் என்று அந்த நொடியே எனக்கு விளங்கிவிட்டது. மகள் ஒருதரம் என்னைப் பார்த்தாள்.

"சாரி ஆன்ட்டி, பால் பழசு போல. நான் கவனிக்கல" என்றாள்.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நல்ல மனிதர்கள். அந்தக் காபியைத்தான் இன்னும் யாரும் மறக்கவில்லை. போன ஞாயிறு கூடுவாஞ்சேரிக்குப் போயிருந்தேன். கூடம் நிறைய அவர்கள் சொந்தக்காரர்கள். என் மகள் சமையலறைப் பக்கம் எழுந்தாள். சம்பந்தியம்மா அவள் தோளைப் பிடித்து உட்காரவைத்தார்.

"நீ உக்காரும்மா, காபி நானே போடறேன். எங்க மருமக காபி கதை உங்களுக்கெல்லாம் தெரியுமில்ல?"

எல்லோரும் சிரித்தார்கள். மகளும் சிரித்தாள். இப்போது அவள் என்னைவிட நன்றாகவே காபி போடுவாள். என் வீட்டுக்கு வந்தால் அவள்தான் போடுகிறாள். அங்கே அவளை அடுப்புப் பக்கம் விடுவதில்லை. இன்றைக்காவது சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். சம்பந்தியம்மா என் முன்னால் டம்ளரை நீட்டினார். அதன் விளிம்பில் வெள்ளைத் திட்டு இருந்தது. வாங்கிக் குடித்தேன்.

"காபி பிரமாதம் சம்பந்தி" என்றேன்.