அப்பா வாங்கிய கடல் நரம்பு

எங்கள் அப்பாவுக்குப் பொய் சொல்ல வராது. நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம்தான் அவர் அதைக் கற்றுக்கொள்ளத் தொடங்கினார். வீட்டில் அதை முதலில் கண்டுபிடித்தவள் நான் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

சுருளிப்பட்டியில் எங்களுக்கு மலையை ஒட்டித் திராட்சைத் தோட்டம். ஒரு சனிக்கிழமை, கொடிக்கு மருந்து வாங்கப் போவதாக அம்மாவிடம் சொல்லிவிட்டு என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு உத்தமபாளையம் போனார். மருந்துக்கடையில் வண்டி நிற்கவில்லை. தூண்டில் சாமான் விற்கும் ஒரு பாயின் கடையில் போய் நின்றது. ஆற்றிலும் அணையிலும் மீன் பிடிக்கிறவர்கள் தூண்டில் முள்ளும் தங்கூசி என்கிற நைலான் நரம்பும் வாங்கும் கடை அது. எங்கள் வீட்டில் வாய்க்காலில்கூட யாரும் தூண்டில் போட்டதில்லை.

“போன வாரம் கேட்டீகள்ல அண்ணே, ரெண்டு வகையும் வரவழைச்சுட்டேன்” என்று பாய் இரண்டு சுருள்களை எடுத்து வைத்தார்.

ஆக, அப்பா போன வாரமும் வந்திருக்கிறார்.

அது தங்கூசி போலப் பளபளக்கவில்லை. தலைமுடியைப் பின்னியதுபோல மெல்லிய இழைகளைப் பின்னிச் செய்திருந்தார்கள். “இது எட்டு இழை, வழுவழுன்னு ஓடும். இது நாலு இழை, கொஞ்சம் சொரசொரப்பு. ஆனா பாறையில ஒரசுனா இதுதான் தாங்கும்” என்றார் பாய்.

“கடல்ல அடியாழத்துல போடணும். அங்கன பூராம் பாறையாம்.”

“அப்ப நாலு இழையே எடுங்க. இது இழுத்தா நீளாது. கீழ மீன் தொட்டா மேல கையில தெரிஞ்சுரும். நுனியில மட்டும் தடிச்ச தங்கூசியா ரெண்டு பாகம், அதான் ரெண்டு கைவிரிப்பு நீளம், முடிஞ்சுக்கணும்.” பாய் நிமிர்ந்து பார்த்தார். “ஆமா, நமக்கு ஏதுண்ணே கடலு?”

“ஒரு சினேகிதர் கேட்டாரு.”

அப்பாவுக்குச் சினேகிதர்கள் இரண்டே பேர். இருவரும் திராட்சைக்காரர்கள்.

“வெறுங்கையில இழுத்தா அறுக்குமா?” என்று அப்பா கேட்டார்.

“கத்தி மாதிரி அறுக்கும்.”

அப்பா நாலு இழைச் சுருளோடு ஒரு ஜோடிக் கையுறையும் வாங்கினார். திரும்பும் வழியில், நான் கேட்காமலே ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்து, “அம்மாகிட்டச் சொல்ல வேணாம் ஆத்தா” என்றார். எனக்குச் சந்தேகம் உறுதியானது அந்த ரோஸ்மில்க்கில்தான்.

அது தோட்டங்களில் காட்டுப்பன்றி இறங்கும் காலம். கண்ணி வைத்த பக்கத்துத் தோட்டக்காரரை வனத்துறை ஜீப்பில் ஏற்றிப் போனதை நான் பார்த்திருந்தேன். மறுநாள் காலையில் அப்பா பந்தலின் கல்தூணில் அந்த நரம்பைச் சுற்றி, இங்கும் அங்கும் இழுத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்த்த இடத்தை விரலால் நீவிப் பார்த்தார். கண்ணிதான், வேறென்ன? அப்பாவையும் ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள் என்று பயந்து, ஓடிப்போய் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மொச்சை உரித்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்தினாள்.

“கடலுன்னா சொன்னாக? நல்லாக் கேட்டியா?”

“ஆமா. அடியாழமாம். பாறையாம்.”

“கையை அறுக்குமாமா?”

“அதான் கையுறை வாங்குனாக.”

அம்மா அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை. அப்பாவிடமும் கேட்கவில்லை. இரண்டு நாள் கழித்து, மருந்து வாங்க மதுரைக்குப் போவதாக அப்பா பையை எடுத்தபோது, அம்மா அதில் பன்னீர்த் திராட்சையும் தன்னுடைய பழைய பருத்திச் சேலைகள் இரண்டையும் மடித்து வைத்தாள். மருந்துக்கடைக்கு எதற்குப் பழைய சேலை? இப்போது இரண்டு பேரும் சேர்ந்து பொய் சொல்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அப்பா எங்கேயோ தப்பித்துப் போகிறார், அம்மா அதற்கு உடந்தை.

அக்கா எங்களை விட்டுப் போய் அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. கூடப் படித்த, தூத்துக்குடிப் பக்கத்து மீனவர் வீட்டுப் பையனைக் கட்டிக்கொண்டாள். இந்த வீட்டில் அவள் பேரை யாரும் எடுக்கக் கூடாது என்று சொன்னவர் அப்பாதான். அவளுக்கு ஏழு மாதம் என்பதையும், பாறையில் நரம்பு அறுந்து அறுந்து மாப்பிள்ளை வெறும் படகோடு திரும்புகிறார் என்பதையும் அவர் எப்படியோ கேள்விப்பட்டிருக்கிறார். பணமாகக் கொடுத்தால் அந்த வீட்டில் வாங்கமாட்டார்கள் என்றும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. இதெல்லாம் நான் பெரியவளான பிறகு அக்கா சொல்லித் தெரிந்துகொண்டது.

நான்காம் நாள் மதியம் அப்பா திரும்பி வந்தார். முகம் கறுத்துப்போய், சட்டையில் மீன் வாடை. அம்மா சொம்பில் தண்ணீரை நீட்டிக்கொண்டு நின்றாள். எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை.

“ரொம்ப ஆழமோ?” என்றாள்.

“முப்பது பாகம். என்னையும் கூட்டிட்டுப் போனாரு.”

“நரம்பு தாங்குச்சா?”

அப்பா தண்ணீரைக் குடித்து முடித்துவிட்டு, “அறுந்துபோகல” என்றார்.

அம்மா சட்டென்று திரும்பி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. அப்பா சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். ஒரு நரம்பு அறாமல் இருந்ததற்கு யாராவது அழுவார்களா என்று நான் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.