எலுமிச்சம்பழம் தின்ற தொட்டி

காலை 6.15. மதுரை ஆரப்பாளையத்தில் திண்டுக்கல் பஸ் ஏறினேன். இருவர் உட்காரும் இருக்கையில் ஜன்னலோரம் நான், பக்கத்தில் என் பை. அது என் மனைவி சரசுவின் இடம். அவள் போய் மூன்று வருடம் ஆகியும் பையை அங்கே வைக்கும்போது கை கொஞ்சம் தயங்கத்தான் செய்கிறது.

பூக்கழிவிலிருந்து சமையல் வாயு எடுக்க ஒரு பேரூராட்சியே பணம் ஒதுக்கியிருக்கிறது என்று கேள்விப்பட்டுக் கிளம்பியிருந்தேன். ஊர் தாடிக்கொம்பைத் தாண்டி இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று ஊர்க்காரர்கள் சொன்னார்கள், எழுதவில்லை.

8.40. திண்டுக்கல்லில் ஷேர் ஆட்டோ பிடித்தேன்.

"தனியாவா வாரீக? கோயிலுக்கா?" என்றார் ஓட்டுநர்.

"இல்ல, ஒரு அடுப்பப் பாக்க."

அவர் கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

9.30. பள்ளிச் சத்துணவுக் கூடத்துக்குப் பின்னால், பூக்கழிவைப் போட்டு வாயு எடுக்கும் பச்சை வண்ணத் தொட்டி நின்றது. ஆனால் கூடத்துக்குள்ளே சமையல்காரர் காளியம்மாள் விறகடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். ஊதி முடித்து இருமினார். எனக்குத் தெரிந்த இருமல். சரசு இருபத்தாறு வருடம் விறகில் இட்லி அவித்துக் கடை நடத்தியவள்.

"கேஸ் வரலையாம்மா?"

"ஒரு மாசமா இல்லண்ணே. ஆடியில அம்மனுக்குப் போட்ட எலுமிச்ச மால நாலு சாக்கு வந்துச்சு. அம்மன் கழுத்துல கெடந்தத குப்பையில போட மனசு வரல. பூவோட சேத்து உள்ள தள்ளிட்டோம். தொட்டி புளிச்சுப்போச்சு."

அன்றிலிருந்து புளிப்பு முறியச் சாணமும் சுண்ணாம்பும் கரைத்து ஊற்றி வருகிறாராம். மூன்று மணிக்குச் செயல் அலுவலர் பார்க்க வருகிறார். அடுப்பு எரிந்தால் பேரூராட்சி தொடர்ந்து பணம் ஒதுக்கும். எரியாவிட்டால் தொட்டியை மூடிவிடுவார்கள். காளியம்மாளுக்கு மறுபடி விறகுதான்.

"அம்மன் மன்னிச்சிருவா. சாமி வரங்குடுத்தாலும் பூசாரி குடுக்கணும்ல?" என்று சிரித்தார்.

வாடிய மாலைகளிலிருந்து நார் உருவிப் போடும் வேலையில் நானும் உட்கார்ந்தேன். இன்னொருவர் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்து வெகுநாளாகிவிட்டது. எழுந்திருக்க மனமில்லை.

3.10. செயல் அலுவலர் ஓர் இளம்பெண். முதல் குச்சி காற்றில் அணைந்தது. இரண்டாவதற்கு அடுப்பு 'பொப்' என்றது, அவ்வளவுதான். காளியம்மாள் கண்ணை மூடிக்கொண்டு மூன்றாவதைக் கிழித்தார். நீல நெருப்பு வட்டமாக எழுந்து நின்றது.

"இம்புட்டு நாளா ஏன் எரியல?" என்று கேட்டார் அலுவலர்.

காளியம்மாள் மறைக்காமல் சொன்னார். அலுவலர் சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். "அடுத்த ஆடிக்கு ஊறுகா போடுங்கம்மா. தொட்டிக்கு வேணாம்."

அந்த நெருப்பில் போட்ட முதல் டீ எனக்கு. "வீட்டுல அக்காவயும் கூட்டியாந்திருக்கலாம்ல?" என்றார் காளியம்மாள். டீ சூடாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

மாலை 7.20. வீடு திரும்பிக் கேஸ் அடுப்பைப் பற்றவைத்தேன். ஒரே குச்சியில் பிடித்தது. "அடுத்த மாசம் வாங்கலாம், அடுத்த மாசம் வாங்கலாம்" என்று சரசுவிடம் வருடக்கணக்காகச் சொல்லிவந்த அடுப்பு. அவள் காரியம் முடிந்த மறுவாரம் வாங்கினேன்.