எந்தக் கதாசிரியர் எந்த ராக் குழு

எண்பதுகளில் ஏற்காட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் நான் ஆபீஸ் கிளார்க். பழத்தின் தோலை உரிக்கும் பல்பர் மெஷினை ஓட்டியவர் அங்கே என் ஒரே சிநேகிதர். எனக்குக் காமிக்ஸ் பைத்தியம், அவருக்கு ராக் பாட்டுப் பைத்தியம். பாட்டின் இங்கிலீஷ் இரண்டு பேருக்குமே புரியாது. அதை அவர் ஒரு குறையாகவே நினைக்கவில்லை.

அவருடைய கேசட்டெல்லாம் போர்டிங் ஸ்கூல் பிள்ளைகளிடம் வாங்கிப் பதிவு செய்தவை. எந்தக் குழு என்று மேலே எழுதியிருக்காது. என் தமிழ்க் காமிக்ஸிலோ ஹீரோவின் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும், கதை எழுதியவர் பெயர் மருந்துக்கும் இருக்காது. இரண்டிலுமே ஆளை நடையை வைத்துத்தான் பிடிக்க வேண்டும். களத்தில் காப்பி காயும் மத்தியானங்களில் ஒரு கதாசிரியருக்கு ஒரு குழு என்று ஜோடி சேர்ப்போம். முதல் கட்டத்திலேயே காரை வெடிக்க வைப்பவர், எடுத்த எடுப்பில் டிரம்ஸை விளாசும் குழு. மூன்று பக்கத்தை மழையும் வெறும் தெருவுமாகவே ஓட்டிவிட்டு அப்புறம்தான் ஒருவனைப் பேச வைப்பவர், கிதாரை மட்டும் நெடுநேரம் இழுக்கும் குழு. இது என் கணக்கு. அவர் லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். கிதார் குழுதான் அவருக்கு உயிர், அதற்கு ஈடாக நான் நிறுத்திய யாரும் தேறவில்லை. காமிக்ஸை மட்டம் தட்டுகிறார் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

ஒரு வருஷம் அந்தக் குழுவின் கேசட் சரியாகக் கேட்கவில்லை என்றார். தேய்ந்திருக்கும் என்றேன். சேலத்தில் ஒரு கேசட் கடையில் அதைப் போட்டுக் காட்டி, அதே பாட்டைப் புதிதாகப் பதிவு செய்துகொண்டு வந்தார். அதுவும் கேட்கவில்லை. எனக்கு நன்றாகக் கேட்டது. பல வருஷம் பல்பர் சத்தத்தில் நின்றதில் காது போய்க்கொண்டிருந்தது.

டாக்டர் கையை விரித்துவிட்டார். எஸ்டேட்டில் அவரை நாற்றங்காலுக்கு மாற்றினார்கள். தண்ணீர் ஊற்றுவார், சாப்பிடுவார், போய்விடுவார். யாரிடமும் பேச்சில்லை. பாட்டோடு சேர்ந்து ஆளும் போய்விடுவாரோ என்று எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது.

ஒரு மத்தியானம் அந்த மழைக் கதாசிரியரின் காமிக்ஸ் ஒன்றை அவர் மடியில் வைத்து, கிதார் வாசிப்பதுபோல் கையால் காட்டினேன். அவர் பிரித்தார். நான் டிபன் பாக்ஸை முடித்துக் கழுவும்வரை தலை நிமிரவில்லை. கடைசிவரை படித்துவிட்டு முன்பக்கத்துக்கே திரும்பி, ஒரு கட்டத்தில் விரலை வைத்தார்.

"இது அந்தக் குரூப் இல்லீங்க. பாடறவன் வாயத் தொறக்கறதுக்கு முன்னால அவங்க கிதாரு சுத்தமா நிக்குமுங்க. இங்க பாருங்க, இவன் பேசறப்பவும் மழை பேஞ்சுட்டே இருக்குது. நீங்க நொம்ப வருசமா தப்பாத்தான் ஜோடி சேக்கறீங்க. வேற இருந்தாக் கொண்டாங்க."

தன் குரல் தனக்குக் கேட்காததால் கத்தித்தான் சொன்னார். மேல்காட்டில் பழம் பறித்துக்கொண்டிருந்தவர்கள் ஏதோ சண்டை என்று எட்டிப் பார்த்தார்கள். நான் அடுத்த புத்தகம் எடுக்க ஆபீஸுக்கு ஓடினேன்.