கொம்பில் கட்டிய துணி

மதுரையில் ஓவியக் கண்காட்சி நடத்துகிறவனுக்குப் படம் பார்க்கத் தெரிந்தால் மட்டும் போதாது. எந்தக் கலருக்குப் பக்கத்தில் எந்தக் கலர் வரக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். இரண்டு கலர் ஜோடி சேர்ந்தால் அது ஒரு சாதியின் கொடி. கைக்கயிறு, பனியன், பஸ் ஸ்டாண்ட் பிளெக்ஸ் எல்லாவற்றிலும் அதுதான். படங்களைத் தேர்ந்தெடுத்ததும் முதலில் இதைத்தான் பார்ப்பேன். எரிச்சல் பிடித்த வேலை. ஆனாலும் பார்க்காமல் விடுவதில்லை.

போன வருடம் பசுமலைக் கண்காட்சியில் மட்டும் ஒன்று என் கண்ணில் படாமல் போய்விட்டது. திருமங்கலத்தில் ஒரு பள்ளி ஓவிய ஆசிரியை வரைந்த படம். அவருக்கு அதுதான் முதல் கண்காட்சி. மாட்டுப் பொங்கலுக்கு அலங்காநல்லூர்ப் பக்கம் போய், ஒரு வீட்டுக் காளையைப் பார்த்து வரைந்திருந்தார். கொம்பில் இரண்டு கலரில் ஒரு துணி. என்ன கலர் என்று இங்கேயும் எழுதப் போவதில்லை. எழுதினால் இதற்கும் ஒருவர் கிளம்பி வருவார்.

படங்களை மாட்டிக்கொண்டிருந்தபோது ஹால் சொந்தக்காரர் வந்து அந்தக் காளைக்கு முன்னால் நின்றார்.

“நான் ஒண்ணும் சொல்லல சார். நாலு பேரு வந்து இது யாரு மாடுன்னு கேட்டா நீங்கதான் பதில் சொல்லணும்.”

இந்த ஊரில் யாரும் எதையும் தடுப்பதில்லை. இப்படிச் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே ஆசிரியைக்குப் போன் போட்டு, துணியின் கலரை மட்டும் மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

“பாத்ததத்தானண்ணே வரைஞ்சேன்,” என்றார். கொஞ்சம் பொறுத்து, “மாத்தலேன்னா மாட்ட மாட்டீகளா?”

வேலை கிடக்கிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். சாயங்காலம் பிரஷ்ஷோடு வந்து துணியை வெள்ளையாக்கிவிட்டுப் போனார். பெரிதாக எதுவும் மாறிவிடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திறப்பு நாளில் காளை வீட்டுக்காரர்கள் வேன் பிடித்து வந்துவிட்டார்கள். ஆசிரியை முன்பே அழைத்திருந்தார். மாட்டுக்காரருக்கு ஒரே சந்தோஷம். திமிலைக் காட்டி, “நம்ம பயதான்,” என்று எல்லோரிடமும் சொன்னார். அவர் மனைவி மட்டும் கிட்டே போய்க் கொம்பையே பார்த்தார்.

“ஏத்தா, எஞ் சேலையக் காணோம்?”

எனக்குப் புரியவில்லை. மாட்டுக்காரர்தான் விளக்கினார். மாட்டுப் பொங்கல் அன்று காலையில் கொம்பில் கட்ட வேறு துணி கிடைக்காமல், இந்த அம்மா தன் சேலையில் ஒன்றைக் கிழித்துக் கட்டினாராம். படம் முடிந்ததும் ஆசிரியை அதைப் போனில் அனுப்ப, இந்த அம்மா தெரு முழுக்கக் காட்டியிருக்கிறார். அதை நேரில் பார்க்கத்தான் வந்ததாம். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

“நாந்தாம்மா அழிச்சேன்,” என்றார் ஆசிரியை.

“அம்புட்டு அழகா வரைஞ்சிட்டு நீயா அழிப்ப? யாரு அழிக்கச் சொன்னா?”

ஹால் சொந்தக்காரர், நான், ஆசிரியை மூன்று பேரும் அங்கேயேதான் நின்றிருந்தோம்.