மெர்வின் வீட்டுக் கணப்பு

விறகுக்குக் காசு கொடுக்கிறவனைக் கண்டால் மெர்வின் பான்டிக்குக்குப் பாவமாக இருக்கும். கரண்டில் வீட்டைச் சூடாக்குகிறவனைக் கண்டால் எரிச்சலாக இருக்கும். பூமியின் தென்கோடி மலையூரான பாத்வெல்லில் மே தொடங்கி செப்டம்பர் முடியும்வரை விடியற்காலையில் புல்லெல்லாம் உறைந்து வெளுத்துக் கிடக்கும். மைனஸ் ஆறு என்று ரேடியோவில் சொன்னால் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. அப்படிப்பட்ட ஊரில் எழுபத்துநாலு வயதுவரை குளிர்காயக் காலணா கொடுக்காமல் ஓட்டியவர் அவர். புயலில் சாய்ந்த மரமோ, சாலை போடுகிறவர்கள் வெட்டித் தள்ளிய கிளையோ, இடித்த ஆட்டுக்கொட்டகையின் பலகையோ, எது எங்கே கிடந்தாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும். மறுநாள் காலை வண்டியோடு போய் நிற்பார்.

ஊரில் அவரைக் கஞ்சன் என்பார்கள். பாதிதான் உண்மை. யார் வீட்டு வேலி விழுந்தாலும் கேட்காமலே போய் நிமிர்த்திக் கொடுத்துவிட்டு கூலியாக ஒரே ஒரு டீயோடு திரும்பி வருகிற மனிதர். நாற்பது வருடம் ஆட்டுப் பண்ணைகளுக்குக் கம்பி வேலி போட்டதுதான் தொழில். அவர் நட்ட கம்பங்கள் மலைமேல் ஏறி இறங்கினாலும் வரிசை பிசகாது. கையை விட்டுப் பணம் போவதுதான் அவருக்கு ஆகாது.

அதிலும் சூடு வெளியே போவது பணம் போவதைவிட மோசம். மூன்று அறைகளை அடைத்துப் போட்டுவிட்டு, கட்டிலை இரும்பு விறகுக் கணப்பு இருக்கும் முன்னறைக்கே கொண்டுவந்து, புருஷனும் பெண்டாட்டியும் அந்த ஓர் அறையில்தான் குளிர்காலம் முழுக்க இருப்பார்கள். ஜன்னல் கண்ணாடிகளில் குமிழ் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தார். கதவிடுக்கில் மணல் அடைத்த பழைய காலுறை. காலை பத்து மணிக்குத் திரை விலக்கி வெயிலை உள்ளே விட்டு, மூன்று மணி ஆனதும் இழுத்து மூடிவிட வேண்டும். நோலீன் மறந்துபோய் மூன்றரைக்கு மூடினால் அன்று முழுக்க முணுமுணுப்புதான்.

நோலீன் முப்பது வருடம் ஊர்த் தபால் நிலையத்தில் வேலை பார்த்தவள். பேச்சும் சிகரெட்டும் ஓயாது. பேச்சு நிற்கவில்லை, நுரையீரல்தான் கொஞ்சம் கொஞ்சமாக நின்றுபோய்க்கொண்டிருந்தது. அந்த ஏப்ரலில் இரண்டாவது தடவையாக ஆஸ்பத்திரியில் கிடந்து எழுந்தபோது டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்: வீட்டில் இருக்கலாம், ஆனால் அறை பதினெட்டு டிகிரிக்குக் கீழே ஒருபோதும் இறங்கக் கூடாது. இன்னொரு முறை குளிரில் மார்ச்சளி கட்டினால் நியூ நார்ஃபோக்கில் இருக்கும் முதியோர் இல்லம்தான்.

வண்டியில் திரும்பி வரும்போது நோலீன் சொன்னாள்: "அங்க மட்டும் என்னை அனுப்பிடாத, மெர்வ். அங்க போனவங்களுக்கெல்லாம் நான்தானே விலாசம் மாத்தி லெட்டரைத் திருப்பி அனுப்புவேன். கொஞ்ச நாள்ல அந்த லெட்டரும் திரும்பி வந்துடும்."

"யாரு அனுப்பறா? பதினெட்டு என்ன, இருபதுல வச்சுக் காட்டறேன் பாரு."

அவர்களுடைய ஒரே மகள் ட்ரூடி ஹோபார்ட் நகரத்திலிருந்து வந்து, சுவரில் மாட்டிச் சூடு ஊதும் இயந்திரம் ஒன்றைத் தானே வாங்கித் தருவதாகச் சொன்னாள்.

"மாட்டறது நீ. மாசாமாசம் கரண்டுக்கு அழறது யாரு, உன் மாமனாரா?"

"அப்பா, அம்மா உடம்பு விஷயம் இது."

"அதனாலதான் சொல்றேன். கரண்டு போனா அந்தப் பெட்டி சும்மா சுவத்துல தொங்கும். என் கணப்பு தொங்குமா?"

நோலீனும் அவருக்குத்தான் ஒத்து ஊதினாள். நெருப்பைப் பார்த்துக்கொண்டு உட்காருவது அவளுக்குப் பிடிக்கும். ட்ரூடி கதவைக் கொஞ்சம் பலமாகவே சாத்திவிட்டுப் போனாள்.

வீம்பாகப் பேசிவிட்டாரே தவிர, மெர்வினுக்கு உள்ளூர உதறல். இரவும் பகலும் அணையாமல் எரிக்கப் பழைய கையிருப்பு பத்தாது. விறகு விற்கும் கர்லியிடம் போய் நின்றார். தலையில் ஒரு முடி இல்லாததால் ஊர் வைத்த பெயர் கர்லி, சுருட்டைமுடிக்காரன்.

"யோவ், பான்டிக் என் கடைக்கு வந்திருக்கான். எல்லாரும் ஓடி வாங்க, போட்டோ எடுங்க!" என்று கர்லி கூவினான்.

விலையைக் கேட்டதும் மெர்வின் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டார். அன்று வாங்கியிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது. அந்த மனிதரைப் பிடித்து உலுக்க வேண்டும்போல எனக்கு இன்றைக்கும் கோபம் வருகிறது.

திரும்பும் வழியில்தான் அந்தக் குவியலைப் பார்த்தார். ஆற்றங்கரைப் பண்ணை ஒன்றில் பழைய வேலியைப் பிடுங்கிவிட்டு இரும்புக் கம்பம் போட்டுக்கொண்டிருந்தார்கள். பிடுங்கிய பைன் மரக் கம்பங்கள் மலையாகக் கிடந்தன. இருபத்தெட்டு வருடத்துக்கு முன்னால் அவரே நட்டவை. குப்பைக் கிடங்குக்குக் கொண்டுபோகத்தான் பண்ணைக்காரர் வைத்திருந்தார். வேறு இடத்தில் வேலி போடத் தேவைப்படுகிறது என்று மெர்வின் சொன்னதும், எடுத்துக்கொண்டு போங்கள் என்றுவிட்டார்.

அந்தக் கம்பங்களை எரிக்கக் கூடாது என்று வேலிக்காரர்களுக்கெல்லாம் தெரியும். கரையான் அரிக்காமலும் மண்ணில் உளுக்காமலும் இருக்க மருந்தில் ஊறவைத்த மரம் அது. புதுசில் பச்சை நிறமாக இருக்கும். மெர்வினே எத்தனையோ இளவட்டங்களை, "அந்தத் துண்டை எரிச்சு டீ போடாதடா, சாவ வேண்டியதுதான்" என்று அதட்டியிருக்கிறார். ஆனால் இவை சாம்பல் நிறமாக வெளுத்துப் போயிருந்தன. இருபத்தெட்டு வருட மழை. இன்னும் என்ன மிச்சம் இருக்கப் போகிறது? நட்டவனுக்குத் தெரியாதா? இப்படித் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஆறு நடை ஏற்றி வந்தார். அறுத்துப் பிளந்தபோது உள்ளே லேசாகப் பச்சை தெரிந்தது. பாசி என்று முடிவு கட்டிக்கொண்டார்.

கம்பங்கள் அருமையாக எரிந்தன. அறை இருபது, இருபத்தொன்று என்று நின்றது. நோலீன் ஸ்வெட்டரைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தாள். கணப்புக் கதவின் ஓரத்தில் இடுக்கை அடைக்கும் கயிறு நைந்துபோய்ப் புகை கொஞ்சம் உள்ளே கசியத்தான் செய்தது. கயிறு மாற்ற ஒரு தடவை காசு செலவழிக்க வேண்டும், அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தார். கணப்பிலிருந்து ஒரு கை தூரத்தில் அவள் நாற்காலி. சாம்பலைக் கிளறி விடுவதும் தட்டில் அள்ளுவதும் அவள் வேலை. அள்ளிய சாம்பலை மெர்வின் எப்போதும்போலக் கீரைப் பாத்தியில் தூவினார், கோழிகள் புரளக் கூண்டுக்குள் கொட்டினார். பிரியமாகச் செய்தார் என்பதுதான் கொடுமை. அந்த ஜூன் மாதம் அவர் அத்தனை சந்தோஷமாக இருந்தார்.

ஜூன் கடைசியில் கோழிகள் செத்தன. முதலில் இரண்டு, அந்த வாரமே இன்னும் இரண்டு.

"ஏதோ சீக்கு. பக்கத்துப் பண்ணையிலேர்ந்து வந்திருக்கும்" என்று குழி தோண்டிப் புதைத்தார்.

ஜூலையில் நோலீன், "கால் ரொம்பச் சில்லுன்னு இருக்கு, மெர்வ்" என்றாள்.

அவர் வெப்பமானியைப் பார்த்தார். இருபது. "சூடாத்தானே இருக்கு?"

"உனக்கென்ன, வெளிய ஓடியாடறே. எனக்கு முட்டி வரைக்கும் ஐஸ்ல வச்சமாதிரி இருக்கு. ஊசி ஊசியாக் குத்துது."

இன்னும் இரண்டு கட்டையைப் போட்டார். மறுநாள் கையும் சில்லிடுகிறது என்றாள். இன்னும் போட்டார். இருபத்துநாலு டிகிரியில் மெர்வின் பனியனோடு வியர்த்துக்கொண்டிருக்க, அவள் மூன்று போர்வைக்குள் கிடந்து குளிருது என்றாள். சாப்பிட்டது தங்கவில்லை. கீரை மட்டும் கொஞ்சம் இறங்குகிறது என்று அதையே வெண்ணெய் போட்டு வதக்கிக் கொடுத்தார். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி வந்தது. வயசாச்சு என்றாள் அவள். ஷெட்டில் இருந்த குவியல் பாதியாகிவிட்டது. குளிருது என்ற ஒரு சொல்லுக்கு நெருப்பைத் தவிர வேறு மருந்து அவருக்குத் தெரியாது.

ஆகஸ்டில் ஒரு மாலை ரப்பர் பையில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றி அவள் பாதத்தடியில் வைத்தார். "இப்ப எப்படி இருக்கு?" என்று இரண்டு தடவை கேட்டார். ஒன்றும் தெரியவில்லை என்றாள். ஒரு மணி நேரம் கழித்துப் போர்வையை விலக்கினால் பாதம் முழுக்கக் கொப்புளம். அவள் அதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள்.

கட்டுப் போட வந்த நர்ஸ் கெர்ரின் ஆட்டுப் பண்ணையில் பிறந்து, வேலிக் கம்பங்களுக்கு நடுவே வளர்ந்த பெண். காலைத் துடைத்தவள் நோலீனின் கையைத் தூக்கி நகங்களை வெளிச்சத்தில் பார்த்தாள். பத்து நகத்திலும் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு. பிறகு கணப்பைப் பார்த்தாள். மெர்வினை வெளியே கூப்பிட்டாள்.

"அதுல என்ன எரிக்கிறீங்க?"

"விறகுதான்."

"என்ன விறகு, மெர்வ்?"

அவர் ஷெட்டைத் திரும்பிப் பார்த்தார். அவளே ஷெட்டுக்குப் போய் ஒரு கட்டையைப் புரட்டிப் பார்த்தாள். எறிந்துவிட்டு இரண்டு கையையும் கால்சட்டையில் தேய்த்துத் துடைத்தாள்.

"நீங்களா? ஊரெல்லாம் வேலி போட்ட நீங்களா இதை எரிச்சீங்க?"

"மழையில கரைஞ்சு போயிருக்கும்னு நெனச்சேன்."

"ஆர்சனிக் விஷம் மழையில கரையறதுக்கா அதைப் போட்டு வச்சாங்க? எரிச்சா புகையிலயும் வரும், மிச்சமெல்லாம் சாம்பல்லதான் நிக்கும். அவங்க நரம்பெல்லாம் செத்துக்கிட்டு இருக்கு. குளிரே இல்ல அது. புரியுதா உங்களுக்கு?"

புரிந்தது. ஷெட் வாசலில் இருந்த மரக்குற்றியில் உட்கார்ந்தவரை எழுப்ப ட்ரூடி ஹோபார்ட்டிலிருந்து வர வேண்டியதாயிற்று.

ஆஸ்பத்திரியில் நோலீனின் முடியிலும் சிறுநீரிலும் பாஷாணம் இருந்தது. மெர்வின் உடம்பிலும் இருந்தது, வெளியிலேயே திரிந்ததால் கொஞ்சம்தான். வெள்ளை உடுப்பும் முகமூடியும் போட்டவர்கள் வீட்டுக்கு வந்து கம்பளத்திலும் திரையிலும் பரணிலும் தூசி சேகரித்துக்கொண்டு போனார்கள். சந்துபொந்தெல்லாம் அடைத்த வீடு, சேர்ந்தது எதுவும் வெளியே போகவில்லை. பிய்த்தெடுத்துச் சுத்தம் செய்யும்வரை அங்கே யாரும் தங்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு ஒரு வருடமாவது ஆகும். நோலீனுக்கு அவ்வளவு நாள் இல்லை என்று டாக்டர் ட்ரூடியிடம் சொன்னார்.

அவளை நியூ நார்ஃபோக்குக்குக் கொண்டுபோனார்கள்.

"அம்மாகிட்ட எதையும் சொல்லாத, அப்பா. தெரிஞ்சு இனிமே என்ன ஆகப்போகுது?" என்றாள் ட்ரூடி. அவள் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசியே ஒரு வாரம் ஆகியிருந்தது. மெர்வின் தலையாட்டினார். சொல்லாமல் இருக்க ஒரு சாக்குக் கிடைத்ததில் அவருக்கு நிம்மதிகூட. அந்த நிம்மதிக்காகவும் பிறகு தன்னையே திட்டிக்கொண்டார்.

இல்லத்தில் எல்லா அறையும் இருபத்துமூன்று டிகிரி. பொத்தானைத் தொடக்கூட ஆள் வேண்டாம். மெர்வின் மகள் வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து, பார்வை நேரம் முடியும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பார். முதல் வாரம் முழுக்க நோலீன் அவரோடு சரியாகப் பேசவில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். வாழ்நாளெல்லாம் வாய் ஓயாதவள்.

ஒன்பதாம் நாள் மதியம் கேட்டாள்: "நான் ரொம்ப நச்சரிச்சுட்டேனா, மெர்வ்?"

"என்ன நச்சரிச்சே?"

"குளிருது குளிருதுன்னு. எவ்வளவு விறகு எரிச்சே நீயும். என்னால உனக்குக் கட்டுப்படியாகலை, அதான் இங்க கொண்டுவந்து விட்டுட்டே. தப்புச் சொல்லலை. ஆனா விடமாட்டேன்னு சொன்னியேன்னு இருந்துச்சு."

மெர்வின் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். அவள் கட்டிலோரம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னார். கர்லி கடையில் விலை கேட்டுத் திரும்பியது, பண்ணைக்காரரிடம் சொன்ன பொய், பிளந்தபோது பார்த்த பச்சை. எதையும் விடவில்லை. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல வாயெடுத்து, அதைச் சொல்லாமல் விட்டார்.

நோலீனின் நெஞ்சு விசிலடித்துக்கொண்டிருந்தது.

"கோழியுமா?" என்றாள்.

"கோழியும்தான்."

"கோழியைப் பாத்தாவது உனக்குப் புத்தி வந்திருக்கக் கூடாதா, கஞ்சப் பயலே."

"வந்திருக்கணும்."

அவள் கண்ணிலிருந்து நீர் காதுப்பக்கம் இறங்கியது. மரத்துப்போன கையால் துடைத்துக்கொள்ள அவளால் முடியாது. மெர்வின் தன் கைக்குட்டையால் துடைத்தார்.

"அப்போ என்னை நீ துரத்தி விடலை."

"இல்ல, நோல். அந்த வீட்டுல உன்னை வைக்க முடியாமப் பண்ணிட்டேன்."

ஜன்னலுக்கு வெளியே மூன்று மணி வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. திரையை மூட யாரும் வரவில்லை. அவள் இன்னும் ஏதோ திட்டப் போகிறாள் என்று மெர்வின் காத்திருந்தார், திட்டினால் தேவலை என்றிருந்தது.

"சரி, தூரமா உக்காந்திருக்காத" என்றாள் நோலீன். "கிட்ட வந்து என் கையைப் பிடிச்சுக்கோ."

அவர் அதைத் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்.