எல்லையம்மன் காலடியில் இரண்டு பூப்பொட்டலம்

போன ஆடி மாதம் காலையில் கடை ஷட்டரைத் தூக்கினாலே என் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும். கை வேர்க்கும்.  டாக்டர் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்துவிட்டு, இதயம் நன்றாக இருக்கிறது என்றார். நன்றாக இருக்கிற இதயம் ஏன் இப்படி அடித்துக்கொள்ள வேண்டும், சொல்லுங்கள்.

ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்களுக்கு ஹார்டுவேர் கடை. என் வீட்டுக்காரர் தவறிய பிறகு நான்தான் பார்க்கிறேன். ஆணி, பைப், பெயின்ட், பூட்டு எல்லாம் எனக்கு அத்துப்படி. ஆனாலும் பயம். என் கொழுந்தன் தினமும் வருவார்.

"இன்னாத்துக்கு அண்ணி உங்களுக்கு இந்தப் பேஜாரு? கடைய என்கிட்ட வுட்டுட்டு வூட்ல நிம்மதியா இருங்க. ஆடி முடியறதுக்குள்ள ஒரு முடிவு சொல்லிடுங்க" என்றார்.

அவர் கெட்டவர் இல்லை. அவர் அண்ணன் போன அன்று எனக்குத் துணையாக நின்றவரே அவர்தான். அதனால்தான் எனக்கு வாய் வரவில்லை. கடையைக் கொடுத்துவிட்டால் நான் யார்? கொடுக்காமல் நஷ்டமாக்கிவிட்டால் ஊர் என்ன பேசும்? இதே யோசனையில் சோறு இறங்கவில்லை.

ஆடி வெள்ளியன்று எல்லையம்மன் சன்னதியில் நம் வழக்கப்படி பூக்கட்டிப் பார்த்தேன். இரண்டு பொட்டலத்தில் ஒன்றை எடுக்கச் சொல்ல வேண்டும். வெள்ளைப் பூ வந்தால் கடை என்னிடம், சிவப்பு வந்தால் கொழுந்தனிடம். வெள்ளை வந்தது. நம்பினேனா? இல்லை. மறுபடியும் போடச் சொன்னேன். சிவப்பு. இன்னொரு தடவை என்றேன்.

பூசாரிக்குக் கோபம் வந்துவிட்டது. "எத்தினி வாட்டிம்மா அம்மாவக் கேப்ப? வர்றத ஏத்துக்கற மனசு உனக்கு இல்ல."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன். "தாயே, பூவெல்லாம் எனக்கு வேண்டாம். என் காது கேட்க ஒரு வார்த்தை சொல்லு" என்று வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் முதல் போணியே நித்யாதான். பெருங்களத்தூரில் புது அபார்ட்மென்ட்டுக்குக் குடிவந்த பெண், கொழுந்தன் கிளம்பிப் போன கையோடு பூட்டு வாங்க வந்தாள். நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, டாக்டரிடம் காட்டினீர்களா என்று கேட்டாள். மளமளவென்று எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தான் லைஃப் கோச் என்றாள். கிரிக்கெட்டுக்குத்தான் கோச் உண்டு என்று நினைத்திருந்தேன். ஒரு முடிவுக்கு வர முடியாமல் தவிக்கிறவர்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் அவள் தொழிலாம். அம்மன் ஆளை அனுப்பிவிட்டாள் என்று எனக்கு உடம்பு சிலிர்த்தது.

ஞாயிற்றுக்கிழமை வெற்றிலை, பாக்கு, பழத்தோடு ஜாதகத்தையும் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பழத்தை வாங்கிக்கொண்டாள். ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்தாள்.

"அக்கா, நான் குறி சொல்றவ இல்ல. டாக்டரும் இல்ல. நான் கேள்வி கேப்பேன், நீங்க யோசிச்சுப் பதில் சொல்லணும். முடிவு உங்களோடது. இங்க பேசறது வெளிய போகாது."

"குடுக்கலாமா, வேணாமா? ஒரு வார்த்த சொல்லிட்டா நான் பாட்டுக்குப் போயிடுவேன்மா."

அவள் சொல்லவே இல்லை. எனக்கு எரிச்சலான எரிச்சல். படபடப்பு எப்போதெல்லாம் வருகிறது என்று கேட்டாள். கடையில்தான், எப்போதும் என்றேன்.

"எப்பவுமேவா? அடுத்த வாரம் வரைக்கும் கவனிச்சுட்டு வந்து சொல்லுங்க."

இந்த வயதில் எனக்கு வீட்டுப்பாடம். திட்டிக்கொண்டேதான் கவனித்தேன். சிமென்ட் லாரி வந்தது, ஒன்றும் ஆகவில்லை. மேஸ்திரிகள் பேரம் பேசிக் கத்தினார்கள், நானும் கத்தினேன், நெஞ்சு சும்மா இருந்தது. ஆனால் ஷட்டர் தூக்கும் நேரத்துக்குக் கொழுந்தனின் பைக் வந்து நிற்கும். அவர் நேராகப் போய்க் கல்லா நாற்காலியில் உட்காருவார். அவர் கிளம்பும்வரை நான் ஓரமாக நிற்பேன். படபடப்பு அப்போதுதான்.

அடுத்த ஞாயிறு இதைச் சொன்னேன். நித்யா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அவர்கிட்ட நீங்க சொல்லாம வெச்சிருக்கறது என்னக்கா?"

கல்லா நாற்காலிதான் என் கண்ணுக்குள் வந்து நின்றது.

"கடைய நான் வுட மாட்டேன்."

என் வாய்தான் சொன்னது. என் காது கேட்டது. சன்னதியில் நான் கேட்ட வார்த்தை அதுதான் என்று புரிந்ததும் அழுகை வந்துவிட்டது. எப்போது சொல்லப் போகிறீர்கள் என்று கேட்டாள். ஆடிக் கடைசி வெள்ளி என்று நானே நாள் குறித்தேன்.

அந்த வெள்ளி காலை ஷட்டரைத் தூக்கினேன். கொழுந்தன் வந்து உட்கார்ந்தார். தாயே என்று மனதில் ஒரு தடவை கூப்பிட்டேன்.

"தம்பி, கொஞ்சம் எழுந்திருங்க. அது என் சேரு. கடைய நான் வுட மாட்டேன். ஒத்தாசைக்கு வாங்க, அது போதும்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "மொதல்லயே சொல்லியிருக்கலாமே அண்ணி. முடியல முடியலன்னு நீங்கதான தெனம் அழுதுகினு இருந்தீங்க" என்றார். ஆனால் எழுந்துகொண்டார். கொஞ்ச நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இப்போது டீ நேரத்துக்கு வந்து, எதிரே ஸ்டூலில் உட்காருகிறார்.

பயம் அடியோடு போய்விட்டது என்று அளக்க மாட்டேன். சில நாள் இன்னும் எட்டிப் பார்க்கிறது, அதோடேயே ஷட்டரைத் தூக்குகிறேன். தவித்துக்கொண்டிருப்பவர்களே, அம்மனைக் கேளுங்கள். கேட்டுவிட்டு, உங்கள் வாய் என்ன சொல்கிறது என்றும் கேளுங்கள்.

கொழுந்தனிடம் சொன்ன அந்த வெள்ளி சாயங்காலமே கோயிலுக்குப் போனேன். பூசாரி என்னைப் பார்த்ததும் பெருமூச்சு விட்டபடி இரண்டு பொட்டலம் கட்டினார். "இன்னைக்கி இன்னா கேக்கணும்?"

"ஒண்ணும் இல்ல சாமி. பிரிச்சு ரெண்டு பூவையும் அம்மாவுக்கே வெச்சிடுங்க" என்றேன்.