கிருமியின் தோலில் ஒரு பிடி

எங்கள் தொழிலில் நோயாளியின் முகம் தெரியாது; அவருக்குள் இருப்பதுதான் தெரியும். துறைமுகப் பக்கத்து வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் கிருமிகளை வளர்த்து அடையாளம் காண்பது என் வேலை. இரத்தம், சளி, சலம் என்று காலை முழுக்கப் போத்தல் மூடி திறந்தவர்களுக்கு நான் சொல்லப்போகும் பயம் புதிதாக இராது.

நான் மணந்த தட்டு

கட்டைபறிச்சானிலிருந்து யோகராசா என்ற கமக்காரர் விடாத காய்ச்சலோடு வந்து படுத்திருந்தார். நீரிழிவு என்கிற சீனி வருத்தம் உள்ளவர், மழைக்குள் வெறுங்காலோடு வயலில் நின்றவர். அவருடைய இரத்தத்திலிருந்து எடுத்ததைக் கிருமி வளர்க்கும் தட்டில் பரப்பி வைத்திருந்தேன். இரண்டாம் நாள் சாம்பல் நிறப் புள்ளிகள் வளர்ந்திருந்தன. வழமையாக வருகிற ஏதோ ஒன்று என்று நினைத்து, பாதுகாப்புப் பெட்டிக்குள் வைக்காமல் மேசையில் வைத்தே மூடியைத் திறந்து மணந்து பார்த்தேன். ஈரமண் வாசம்.

ஆய்வுகூடத்தில் என்னிலும் மூத்தவரான ரிஸ்வான் நானா பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். என் கையிலிருந்த மூடியை வாங்கிச் சட்டென்று மூடி, சுற்றிவர டேப் ஒட்டினார். பிறகுதான் வாய் திறந்தார்: "இது மெலியோய்டோசிஸ் கிருமி மாதிரிக் கிடக்கு. மூச்சோட உள்ளுக்குப் போகும் தங்கச்சி. நீங்க மணந்து பாத்தீங்களா?"

ஐ.சி.யு. வாசல்

நானாவின் சந்தேகம் சரிதான்; வயல் மண்ணிலும் சேற்றிலும் இருந்து, காற்புண் வழியாகவும் மூச்சு வழியாகவும் உடம்புக்குள் ஏறுகிற கிருமி அது. வார்டுக்குத் தொலைபேசியில் சொன்னோம், மருந்தை மாற்றினார்கள். ஆனால் அதற்குள் யோகராசாவை ஐ.சி.யு.வுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இரண்டாவது முறை இரத்தம் வாங்கப் போனபோது, வாசலில் கதிரையில் இருந்த அவர் மனைவி எழுந்து என் கையைப் பிடித்தார்.

"அந்தக் கிருமியைக் கண்ட ஆள் நீங்கள்தானே மிஸ்? அது இவரை விட்டிட்டுப் போகுமோ, போகாதோ? நீங்கள்தானே அதைப் பாத்தனீங்கள், சொல்லுங்கோ."

இருபத்தொரு நாள்

எனக்கும் சீனி வருத்தம் இருக்கிறது. இந்தக் கிருமி அப்படிப்பட்டவர்களைத்தான் கூடுதலாகப் பிடிக்கும். நோய் வராமலிருக்க டொக்டர் இருபத்தொரு நாளைக்கு விழுங்கக் குளிசை எழுதித் தந்தார். ஆளிலிருந்து ஆளுக்கு அது தொற்றுவது மிக அரிது என்று மற்றவர்களுக்கு விளக்குகிறவள் நான். இருந்தும் வீட்டில் மகளைப் பக்கத்தில் படுக்கவிடவில்லை, என் கோப்பையைக் குசினியில் தனியாக வைத்தேன். கணவரிடம் வெறும் சளி, தடிமன் என்று சொன்னேன்.

ஒன்பதாம் நாள் உண்மையாகவே உடம்பு சுட்டது. உப்புவெளி வீட்டிலிருந்து பஸ்ஸில் வந்து, இரத்தம் எடுக்கச் சொல்லி நேரே நானாவிடம் கையை நீட்டினேன். என் பெயர் எழுதிய போத்தல் மற்றப் போத்தல்களோடு வரிசையில் நின்றது. ஒவ்வொரு காலையும் அதைப் பார்க்கப் பயந்து, வேறு வாசலால் உள்ளே போனேன். இரத்தம் கொடுத்த ஐந்தாம் நாள் நானா என் மேசைக்கு வந்தார்.

"ஒண்டும் வளரல்ல. சும்மா காய்ச்சல்தான். இனியாவது வீட்டுல உண்மையச் சொல்லுங்க."

தோலைத் தேடி வந்தவர்கள்

யோகராசா பிழைத்தார். மாதக்கணக்கில் குளிசை விழுங்கி, மெலிந்துபோய் கிளினிக்குக்கு வந்தார். அப்போது பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆய்வாளர்கள் அவரிடம் கொஞ்சம் இரத்தம் கேட்டார்கள். கிருமியின் மேற்பரப்பில் புரதங்கள் இருக்கின்றன. அவற்றில் சிலதால்தான் அது எங்கள் உடற்கலங்களைப் பற்றிப் பிடிக்கிறது. பிழைத்தவரின் இரத்தம் எந்தப் புரதத்தை எதிரியென்று அடையாளம் காண்கிறதென்று தெரிந்தால், அதைக் கொண்டு தடுப்பூசி செய்யலாம். பிடியை விடுவிக்கிற மருந்தும் தேடலாம். அந்தப் புரதங்களை மட்டும் தனியாகச் செய்து குழாய்களில் அடைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். உயிருள்ள கிருமி இல்லை. அப்படியிருந்தும் அந்தச் சின்னக் குழாய்களைத் தொட என் கை கூசியது.

இதையெல்லாம் யோகராசாவுக்குச் சொன்னேன். "எடுங்கோ மகள்," என்று கையை நீட்டினார். "ஊசி எப்ப வரும்? விதைப்புக்கு முந்தி வருமோ?" வருடக்கணக்காகும், வராமலும் போகலாம் என்றேன். வயலுக்குப் போவதென்றால் சப்பாத்துப் போடச் சொன்னேன். சேற்றில் அது புதையும் என்றார். ஊசி ஏறிய இடத்தைப் பஞ்சால் அழுத்திக்கொண்டு எழுந்தார்.

"அப்ப இந்த முறையும் பயந்து பயந்துதான் இறங்கவேணும்."

கிருமியைக் கண்ணால் கண்டவர்கள் என்று ஊர் எங்களை மதிக்கிறது. கண்டதால்தான் ஊரைவிட எங்களுக்குப் பயம் கூடுதல்.